பல் தெரியாத படங்கள்

இருபத்திரண்டு வருஷம் நான் வாயைத் திறக்காமல் சம்பாதித்தேன். புடவை கேட்லாக், காலண்டர், நகைக்கடை விளம்பரம், ஜவுளிக்கடைப் பை. எதை எடுத்துப் பார்த்தாலும் என் உதடு ஒட்டியே இருக்கும்.

சேலத்தில் படத்துக்கு நிற்கிற இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களுக்கு நாலு வார்த்தை பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பேச்சு எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்றேன். எட்டாவதோடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நிற்பது எப்படி, நடப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். நான் முழித்த இடங்களை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு ஊர் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கம். ஊரில் எல்லார் பல்லும் ஒரே மாதிரி. மஞ்சள் மேல் காப்பிக்கொட்டை நிறத்தில் வரி வரியாக இருக்கும். போர் தண்ணியில் ஃப்ளோரைடு என்று ஒன்று அதிகம், குழந்தையாக இருக்கும்போது குடித்தால் பல்லில் கறை ஏறும், ரொம்ப வருஷம் குடித்தால் எலும்பு இறுகும் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அப்போது பல் என்றாலே அந்த நிறம்தான் என்று இருந்தேன். சினிமாவில் வெள்ளைப் பல்லைப் பார்த்தால் பவுடர் போட்டிருக்கிறார்கள் என்று நினைப்பேன்.

பத்தொன்பது வயதில் தருமபுரியில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தேன். முதல் நாளே முதலாளி கேட்டார்.

"ஏம்மா, பொகையில போடுவியா?"

"இல்லீங்க."

"வெத்தல?"

"இல்லீங்க."

"அப்பறம் என்னா பல்லு இது? கஸ்டமருங்ககிட்ட சிரிச்சுக்கிரிச்சு வெக்காத. கடையக் காலி பண்ணிப்புடுவ."

சிரிக்கவில்லை. அன்றைக்கு மூடிய வாய்.

ஆடித் தள்ளுபடிக்கு ஷோகேஸில் வைக்க ஒரு பொம்மை சொல்லியிருந்தார்கள். லாரி தொப்பூர் கணவாயில் நின்றுவிட்டது. பொம்மை வரவில்லை. முதலாளி சுற்றிலும் பார்த்தார். உயரமாக, ஒல்லியாக, சிரிக்காமல் நின்றது நான் ஒருத்தி. பட்டுப்புடவையைச் சுற்றி என்னைக் கண்ணாடிக்குள் நிறுத்தினார்கள். நன்றாகத்தான் நின்றேன். ஒரு பெரியம்மா உள்ளே கையை விட்டு முந்தானையைத் தடவிப் பார்த்தார். "அது பட்டு இல்லீங்க, கலப்பு" என்றேன். அந்தம்மா போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடையிலிருந்து ஆள் ஓடி வந்தது.

ஆனால் அந்த வாரம்தான் காலண்டருக்குப் படம் எடுக்கிறவர் கடைக்கு வந்தார். என்னைப் பார்த்தார். இப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். வராத பொம்மைக்குப் பதிலாக.

பெங்களூரில் முதல் பெரிய வேலை. கேமராக்காரர் கன்னடத்தில் "ஸ்வல்ப நகி, ஸ்வல்ப நகி" என்றார். கொஞ்சம் சிரி என்கிறார். எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி நின்றேன். தமிழில் சொன்னார். அதுவும் புரியாத மாதிரி நின்றேன். இந்தியில் சொன்னார். அது நிஜமாகவே புரியவில்லை. கடைசியில் சலித்துப்போய் இருக்கிறபடியே எடுத்தார். எடுத்ததைப் பார்த்துவிட்டு, இந்தப் பெண் முகத்தில் ஏதோ ஒரு கௌரவம் இருக்கிறது என்றார். அதற்கப்புறம் அதையே கேட்டு ஆள் வந்தது.

அன்றைக்கு மேக்கப் போட்ட அம்மாவிடம் மட்டும் ஓரமாகக் கூட்டிப்போய்ப் பல்லைக் காட்டினேன். அவர் பதறவில்லை. அவர் பேரை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை என்று இன்றைக்கும் வருத்தம். டவலை மடித்துக்கொண்டே சொன்னார்.

"மறைக்கறதுன்னா முழுசா மறச்சிரு. பாதி மறச்சாத்தான் மாட்டிக்குவ."

அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். கூட்டத்தில் சாப்பிட மாட்டேன். பேசினால் கை வாய்க்கு முன்னால் வந்துவிடும். முப்பது வயதுக்கு மேல் கழுத்தும் இறுக ஆரம்பித்தது. திரும்ப வேண்டுமென்றால் உடம்போடுதான் திரும்புவேன். அதற்கும் கைதட்டினார்கள். எவ்வளவு நிதானம், எவ்வளவு கம்பீரம் என்றார்கள். என் தொழிலில் என்னிடம் இருந்த இரண்டு திறமை மூடிய வாயும் திரும்பாத கழுத்தும். இரண்டுமே எங்கள் ஊர் போர் தண்ணி கொடுத்தது.

ஒருமுறை பற்பசை விளம்பரத்துக்குக் கூப்பிட்டார்கள். போகாமல் இருந்திருக்க வேண்டும். பெரிய கம்பெனி என்ற ஆசையில் போய்விட்டேன். அங்கே போய்ப் பார்த்தால் கையில் பிரஷ்ஷைக் கொடுத்து வாயைத் திறங்கள் என்கிறார்கள். பற்பசை விளம்பரத்தில் வேறு எதைத் திறக்கச் சொல்வார்கள்? பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். விளக்கு போட்டாயிற்று.

"இன்னிக்கு மௌன விரதம்" என்றேன்.

கையால் மறைத்துக்கொண்டு, வாயால்தான் சொன்னேன். ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை. பயபக்தியாகக் கார் வைத்து அனுப்பினார்கள். இதில் உங்களுக்குப் பாடம் ஒன்றே. எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

வயது ஏறினால் இந்தத் தொழிலில் வேலை குறையும். அரூர் ரோட்டில் ஷெட் பிடித்து நைட்டி தைக்கிற யூனிட் போட்டேன். பதினாலு பெண்கள். நைட்டிப் பெட்டியில் என் படம். வியாபாரத்திலும் மூடிய வாய் உதவியது. ஒருதரம் ஒரு லாட் நைட்டியில் சாயம் போய்விட்டது. கடைக்காரர் கத்தினார். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவராகவே "சரிங்க, நாங்களும் வெயில்ல போட்டு வெச்சுட்டோம்" என்று பாதிப் பழியை எடுத்துக்கொண்டார். பெரிய வியாபாரி என்று பேர் வந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் சிரிப்பதற்கு. இனிச் சொல்வதில் நான் செய்தது தப்பு.

கிராமங்களில் தண்ணீர் சுத்தம் செய்கிற மிஷின் வைத்துத் தருகிற ஒரு டிரஸ்ட் என்னைத் தேடி வந்தது. இந்தப் பக்கத்துக்காரி, முகம் தெரிந்தவள், நீங்கள் வந்து சொன்னால் கேட்பார்கள் என்றார்கள். கூலி வேண்டாம் என்று ஒப்புக்கொண்டேன். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. சித்தேரி மலையடியில் ஒரு ஊர். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்தான். அங்கே மிஷின் வைத்தார்கள். அதற்கு முன்னால் நான் எவர்சில்வர் டம்ளரோடு நின்றேன்.

"குடிச்சுட்டு நல்லா சிரிங்க மேடம்" என்றார் படம் எடுத்தவர்.

அப்போது கம்ப்யூட்டர் காலம் வந்துவிட்டது. எதையும் மாற்றலாம். நான் அவர் காதருகே போய், "பல்ல மட்டும் சரி பண்ணிருங்க" என்றேன். அப்புறம் பயமில்லாமல் சிரித்தேன். கேமராவுக்கு முன்னால் அதுதான் முதல் சிரிப்பு.

பேனர் வந்தது. ஓட்டு வீட்டுச் சுவர் அளவு இருக்கும். கையில் டம்ளர், பக்கத்தில் தண்ணீர், வாய் நிறைய வெள்ளைப் பல். கீழே 'நல்ல தண்ணி, நல்ல பல்' என்று எழுதியிருந்தது. ரொம்ப நேரம் நின்று பார்த்தேன். என் பல்லை நான் ரசித்தது அன்றைக்குத்தான். அது என்னுடைய பல் இல்லை என்பது வேறு விஷயம்.

இரண்டு மாதம் போனது. என் யூனிட்டில் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் உட்காருகிறவள் செல்வி. அந்த ஊர்ப் பெண். ஒரு நாள் காலையில் வந்ததும் மிஷினில் உட்காரவில்லை. என்னிடம் வந்து நின்றாள்.

"அக்கா, மிசின எடுத்துட்டுப் போறாங்களாம்."

"எந்த மிசினு?"

"தண்ணி மிசினுதாங்க்கா. ஒருத்தரும் புடிக்கறதில்ல. இந்த மாசக் கடைசிவரைக்கும் பாத்துட்டு வேற ஊருக்குக் கொண்டு போறோம்னு டிரஸ்ட்டு சார் சொல்லிட்டுப் போயிட்டாரு."

செல்விக்கு இரண்டு பிள்ளை. பெரியவனுக்குப் பல் கறையோடு முளைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுகிறானாம். அதை அவள் சொன்னபோது என் கையைக் கீழே இறக்கிக்கொண்டேன். சின்னவள் யாழினிக்கு அப்போது ஒரு வயது. பால் பல்தான் முளைத்திருந்தது. நிஜப் பல் உள்ளே வளர்கிற பருவம். இப்போது குடிக்கிற தண்ணிதான் அந்தப் பல்லைத் தீர்மானிக்கும்.

"இது வாயாவது நல்லா இருக்கட்டும்னு பாத்தேங்க்கா" என்றாள். அழவில்லை. மிஷினில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த நாள் அவளோடு டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். காலை நேரம். பழைய போர் குழாயில் வரிசையாகக் குடம். எதிரே புது மிஷின். அங்கே ஒரு நாய் படுத்திருந்தது. அதற்கு மேலே பேனரில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வரிசையில் முன்னால் நின்றவர் சின்னபாப்பா. என் வயதுதான் இருக்கும். நூறு நாள் வேலைக்கு ஆள் சேர்ப்பவர். அவர் குடம் எந்தக் குழாய்க்குப் போகிறதோ ஊர்க் குடமெல்லாம் அந்தக் குழாய்க்குப் போகும் என்று செல்வி வண்டியிலேயே சொல்லியிருந்தாள்.

"படத்துல இருக்கறவங்கதானுங்க நீங்க?" என்றார்.

நான் கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு, "ஆமாங்க. ஏன் இந்தத் தண்ணி புடிக்கறதில்ல? ருசி புடிக்கலீங்களா?" என்றேன்.

"ருசி கெடக்குது. ஒரு மாசம் குடிச்சோம். எம்மருமவ வாய் கொப்பளிக்கக்கூட அதத்தான் ஊத்துனா. ஒன்னும் வெளுக்கல."

"எது வெளுக்கணும்?"

"ஏங்க, பல்லுதான்! என்னா தெரியாத மாதிரி கேக்கறீங்க? குடிச்சா இப்பிடி ஆவும்னு நீங்கதான இளிச்சிக்கிட்டு நிக்கறீங்க மேல?"

குழாயடியில் சிரிப்பு. நான் நிமிர்ந்து பேனரைப் பார்த்தேன். கழுத்து திரும்பாது, உடம்போடு திரும்பித்தான் பார்த்தேன். டம்ளர். தண்ணி. வெள்ளைப் பல். அவர்கள் படித்தது சரி. அப்படித்தான் இருந்தது படம்.

"நெசமா வெளுக்கும்னா இந்நேரம் வெளுத்திருக்கணும். அதான் ஏமாத்துத் தண்ணின்னு வுட்டுட்டோம்" என்றாள் இன்னொருத்தி.

"இவுங்களுக்கு என்னாக்கா, டவுனு தண்ணி. பொறந்ததுலேருந்து வெள்ளப் பல்லு" என்றார் மூன்றாவது ஆள்.

"நான் டவுனு இல்லீங்க. அடுத்த ஊருதான்" என்றேன்.

சின்னபாப்பா இடுப்பில் கை வைத்தார். "அடுத்த ஊருல இந்தப் பல்லா? யாருகிட்ட சொல்றீங்க? அந்த ஊருல நான் பொண்ணு எடுத்திருக்கறேன். மொதல்ல அந்தக் கைய எடுத்துட்டுப் பேசுங்க. வந்ததுலேருந்து பாக்கறேன், வாயப் பொத்திக்கிட்டே பேசறீங்க. பொய் சொல்றவங்கதான் அப்பிடிப் பேசுவாங்க."

உங்களுக்கு இதைத்தான் சொல்ல வந்தேன். அந்த நேரம் எனக்கு என்னவெல்லாம் மனதில் ஓடியது என்றால், முதலில் ஓடியது செல்வி குழந்தை இல்லை. பெங்களூரில் தீபாவளி கேட்லாக்குக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். அது வெளிவரும்வரை என்னைப் பற்றி வேறு மாதிரிப் படமோ பேச்சோ வெளியே போகக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். இங்கே பத்துப் பேர் கையில் போன் இருக்கிறது. அதுதான் முதலில் ஓடியது. அப்புறம் மேக்கப் அம்மா சொன்னது ஓடியது. முழுசா மறச்சிரு. மௌன விரதம் என்று சொல்லலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அவ்வளவு பெரிய புத்திசாலி நான்.

செல்வி பக்கத்தில் நின்றாள். இடுப்பில் யாழினி. குழந்தை என் வளையலைப் பிடித்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. நாலு பால் பல் வளையலில் பட்டது.

கையை எடுத்தேன். வாயைத் திறந்து காட்டினேன். பல் டாக்டரிடம் காட்டுகிற மாதிரி, மேல் வரிசை, கீழ் வரிசை.

குழாயில் குடம் நிரம்பி வழிந்தது.

சின்னபாப்பா கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். மாடு வாங்குகிறவர் பார்க்கிற பார்வை.

"அட, நம்ம பல்லு!" என்றார்.

"அக்கா..." என்றாள் செல்வி. நாலு வருஷமாக என்னிடம் வேலை செய்கிறாள். "நான் நீங்க கௌரவத்துக்கு வாய மூடிக்கறீங்கன்னுல்ல நெனச்சேன்!"

"படத்துல இருக்கறது?" என்றார் சின்னபாப்பா.

"கம்ப்யூட்டர்ல வெள்ள அடிச்சது. நான்தான் அடிக்கச் சொன்னேன்."

"எதுக்கு?"

"வெக்கம்."

நானே சொன்னேன். அன்றைக்குப் பேசிய அளவு நான் எப்போதும் பேசியதில்லை.

"என் பல்லு மாறாதுங்க. ஒங்க பல்லும் மாறாது. எந்தத் தண்ணி குடிச்சாலும் மாறாது. இந்தத் தண்ணி நமக்கு இல்ல. இன்னும் மொளைக்காத பல்லுக்கு. இதா, இந்தப் புள்ளைக்கு. இப்பருந்து குடிச்சா, நெசப் பல்லு மொளைக்கறப்ப நல்லா வரும்."

"எப்ப மொளைக்கும்?"

"அஞ்சு வருசம் ஆவும்."

"அஞ்சு வருசம்! அதுவரைக்கும் ஒங்கள நாங்க நம்பிக்கிட்டுக் கெடக்கணுமா?"

"ஆமாங்க."

"பொய்ப் படம் போட்டவங்கள?"

"ஆமாங்க."

அவர் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தார். "அந்தப் படத்த மாத்துங்க மொதல்ல. இருக்கற பல்லோட போடுங்க. அப்பறம் பாக்கலாம்."

"இப்பவே எடுத்துக்கலாம்" என்றேன். நான் சொன்னதா என்று எனக்கே ஆச்சரியம். செல்வியிடம் போனை எடுக்கச் சொன்னேன். மிஷின் பக்கத்தில் போய் நின்றேன். நாய் எழுந்து வழிவிட்டது. சிரித்தேன்.

"இருங்க, இருங்க" என்று சின்னபாப்பா குடத்தை இறக்கிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். "தனியா நின்னா மறுபடியும் வெள்ள அடிச்சுருவீங்க. நானும் நிக்கறேன். எம்பல்லுல எவன் வெள்ள அடிக்கறான்னு பாக்கறேன்."

டிரஸ்ட் சாரிடம் அந்தப் படத்தைத்தான் போட வேண்டும் என்று சொன்னேன். தயங்கினார். போடாவிட்டால் பழைய பேனரை நானே கிழிப்பேன் என்றேன். போட்டார்கள். கீழே எழுத்தையும் மாற்றச் சொன்னேன். 'எங்களுக்கு மாறாது. பிள்ளைங்களுக்கு மாறும்.' மாசக் கடைசியில் அவர் வந்தபோது மிஷின் முன்னால் வரிசை இருந்தது. நீளமான வரிசை என்று சொல்ல மாட்டேன். மிஷின் போகாமல் இருக்கப் போதுமான வரிசை. முதலில் சின்னபாப்பா குடம்.

படம் போன் போனாகப் பரவியது. பெங்களூர்க்காரர்கள் கேட்லாக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறு வேலையும் வரவில்லை. நான் ஓய்வு பெற்றேன் என்று சொல்லிக்கொள்வது மரியாதைக்காக. நைட்டி வாங்குகிற கடைக்காரர் போன் பண்ணி, "பொட்டியில பூப்படம் ஏதாவது போட்டுக்கலாமுங்களா?" என்று பணிவாகக் கேட்டார். ரோஜா போட்டோம். உண்மையைச் சொன்னால் ரோஜா என்னைவிட நன்றாக விற்கிறது.

டிரஸ்ட் என்னை வேறு ஊர்களுக்கும் கூப்பிட்டது. போகிறேன். பேச்சு இன்னும் வரவில்லை. போய் வாயைத் திறந்து காட்டுவேன். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

உங்கள் முகத்திலும் யாராவது எதையாவது சரி பண்ணட்டுமா என்று கேட்பார்கள். கேட்காமலும் பண்ணுவார்கள். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? இருபத்திரண்டு வருஷம் அதில் சாப்பிட்டவள். அந்தப் படம் எந்த ஊர்ச் சுவரில் போகப்போகிறது, அதைப் பார்த்து யார் எதை நம்புவார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். புடவை என்றால் பரவாயில்லை. தண்ணி என்றால் நிறுத்துங்கள்.

போன வாரம் சின்னபாப்பா போன் பண்ணினார்.

"வாங்க. மொளைச்சிருச்சு."

அஞ்சு வருஷமாக அந்தக் குழந்தை வாயை அவர் விடவில்லையாம். வழியில் பார்த்தால் "ஆ காட்டு" என்பாராம். யாழினி அவரைப் பார்த்தாலே ஓடுகிறாள் என்று செல்வி சொல்வாள்.

போனேன். மிஷின் முன்னால் ஏழெட்டுப் பேர். நடுவில் யாழினி, ஆறு வயது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறாள். செல்வி கெஞ்சினாள். சின்னபாப்பா மிரட்டினார். மிட்டாய் காட்டினார்கள். திறக்கவில்லை. அப்படி மூடுகிற வாயை எனக்குத் தெரியும்.

நான் கீழே உட்கார முடியாது, முட்டி மடங்காது. மிஷின் மேடையில் சாய்ந்து குனிந்து, என் வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினேன். மேல் வரிசை, கீழ் வரிசை. அவள் பார்த்தாள். இன்னும் கிட்டே வந்து பார்த்தாள்.

"அய்ய" என்றாள். சிரித்துவிட்டாள்.

கீழ் ஈறில், நடுவில், பாதி முளைத்த ஒரு பல். நொய்யரிசி அளவு. வெள்ளை.

நான் திறந்த வாயை மூட மறந்து பார்த்தேன். செல்வி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சின்னபாப்பா குழந்தையின் தாடையைப் பிடித்து, வெயில் பக்கம் திருப்பி, ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். அப்புறம் விட்டார்.

"ம்" என்றார். "இன்னொன்னும் வரட்டும்."

குடத்தை எடுத்து மிஷின் குழாயடியில் வைத்தார்.